பத்து வெள்ளியில் எழுந்த அரண்: துன் வீ.தி. சம்பந்தன்

ஈப்போவின் குனோங் ராபாட் வட்டாரத்தில் வாழும் இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் கதையை இரண்டு, மூன்று தலைமுறை பின்னோக்கித் தேடினால், அது ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தில் போய் நிற்கும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பால்மரம் சீவி, வாளியில் பால் சுமந்து, லயத்து வீட்டில் குடும்பம் நடத்தியவர்கள் நம் முன்னோர்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. சில செம்பனைக் காடாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றுக்கெல்லாம் முன்பே, 1950களில், பல தோட்டங்கள் துண்டு துண்டாக வெட்டி விற்கப்பட்டன.

தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளி எங்கே போவான்? எல்லோரும் இந்தக் கேள்வியைக் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒருவர் அதைத் திருப்பிப் போட்டார். தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கினால் என்ன என்று அவர் கேட்டார். குனோங் ராபாட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர்தான் துன் வீ.தி. சம்பந்தன்.

அவரை விடுதலைக் காலத் தலைவராகவும், ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவராகவும் நாம் பாடநூல்களில் படிக்கிறோம். இந்தக் கட்டுரை அவர் வாழ்க்கையை வேறொரு கோணத்தில் பார்க்கிறது. அடி விழும்போது ஒரு மனிதனும் ஒரு சமூகமும் ஒரு நாட்டின் அமைப்பும் எப்படித் தாங்கி நிற்கின்றன? அந்த மீள்திறன் எங்கிருந்து வருகிறது?

தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை

சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தார். முழுப்பெயர் வீராசாமி திருஞானசம்பந்தன். தந்தை வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். ஆகவே சம்பந்தன் லயத்தில் வளர்ந்தவர் இல்லை. ஆனாலும் தோட்டம் எப்படி இயங்குகிறது, ரப்பர் விலை ஏறினால் யாருக்கு என்ன கிடைக்கும், இறங்கினால் முதலில் யார் வயிற்றில் அடி விழும் என்பதையெல்லாம் சிறு வயதிலேயே அருகிலிருந்து பார்த்தவர். நிலம் என்பது வெறும் மண் இல்லை, அது ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு என்பதை அவருடைய சொந்த வீடே அவருக்குக் கற்றுத் தந்திருந்தது.

கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியில் படித்த பிறகு, மேற்படிப்புக்காகச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அது இந்திய விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். அந்த அனல் மாணவர்களையும் தொட்டது. அவர் இந்தியாவில் இருந்தபோதே இரண்டாம் உலகப் போர் மூண்டு, ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தனர்.

போர் முடிந்து அவர் திரும்பி வந்தபோது கண்ட மலாயா, விட்டுச் சென்ற மலாயா இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆயிரம் ஆயிரமாக இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. ஆண்துணை இழந்த குடும்பங்கள், பசி, நோய் ஆகியவை தோட்டம் தோறும் இருந்தன. ஒரு சமூகம் எவ்வளவு எளிதாக உடையக்கூடியது என்பதை அவர் கண்ணால் கண்டது அப்போதுதான்.

பிறந்த நாளில் வெடித்த துப்பாக்கி

1948ஆம் ஆண்டு ஜூன் 16. சம்பந்தனுக்கு அன்று 29 வயது நிறைந்தது. அதே நாளில்தான் அவருடைய ஊரான சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1960 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

காட்டோரம் சிதறி வாழ்ந்த மக்களை வேலிக்குள் கொண்டுவந்து குடியமர்த்தும் பிரிக்ஸ் திட்டம் 1950இல் தொடங்கியது. பேராக்கில் பல புதுக்கிராமங்கள் எழுந்தன. குனோங் ராபாட்டிலும் அப்படியொரு புதுக்கிராமம் உருவானது. தோட்டங்களிலும் லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது, ஊரடங்கு வந்தது. ஒருபுறம் கெரில்லாக்கள், மறுபுறம் படையினர், நடுவில் தொழிலாளி.

இந்தச் சூழலில்தான் சம்பந்தன் பொதுவாழ்வில் வேரூன்றினார். அவர் முதலில் கையில் எடுத்த வேலைகளில் கல்வியும் ஒன்று. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி உருவாக அவர் முன்னின்றார். அச்சம் நிறைந்த ஒரு காலத்தில், நாளைய தலைமுறைக்காகச் செங்கல் அடுக்கிய முயற்சி அது.

தலைமைக்கு வந்த தமிழ்

1946இல் தொடங்கப்பட்ட ம.இ.கா. முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் நகரத்து ஆங்கிலக் கல்வி பெற்றவர்களின் கட்சியாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கும் அதற்கும் இடையே மொழியும் வாழ்க்கையும் குறுக்கே நின்றன. 1955இல் சம்பந்தன் தலைமைப் பொறுப்பேற்ற பின் கட்சி தோட்டங்களை நோக்கித் திரும்பியது. கூட்டங்களில் தமிழ் ஒலித்தது.

அதே ஆண்டு ஜூலையில் நடந்த முதல் பொதுத் தேர்தலில், 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. கிந்தா உத்தாரா தொகுதியில் வென்ற சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு எனப் பல பொறுப்புகளைச் சுமந்தார். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் ஏறத்தாழ ஏழு லட்சம் இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் பெரும் பகுதியினர் தோட்டங்களை நம்பி வாழ்ந்தனர். குடியுரிமைக்கான வாசல் திறந்தது. ஆனால் மனு எழுதத் தெரியாமலும், பிறப்புச் சான்று இல்லாமலும், அதன் அருமை புரியாமலும் பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டனர். அதன் விலையைப் பன்னிரண்டே ஆண்டுகளில் அவர்கள் கொடுக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

துண்டாடல் என்னும் இடி

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வந்தவர்கள் இல்லை. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் எனக் கூறுபோட்டுச் சில்லறையாக விற்றால் கொள்ளை இலாபம். இதுவே தோட்டத் துண்டாடல்.

மாணவர்களே, இதில் உள்ள ஆபத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் தொழிலாளியின் வாழ்க்கை முழுவதும் ஒரே ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. வேலை தோட்டத்துடையது. வீடும் தோட்டத்துடையது, வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். குடிநீர், மருந்தகம், பிள்ளைக் கொட்டகை எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் கையில். தமிழ்ப்பள்ளியும் அப்படியே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் பிறந்த பள்ளிகள் அவை. நூறு ஏக்கருக்குக் குறைந்தால் அது தோட்டம் என்ற கணக்கிலேயே வராது, சிறுதோட்டம் ஆகிவிடும். பத்து ஏக்கர் வாங்கியவர் குடும்பத்தோடு தாமே மரம் சீவுவார், அல்லது ஓரிருவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்துவார். அவர் பள்ளிக்கூடமோ மருந்தகமோ ஏன் நடத்தப்போகிறார்?

ஆகவே ஒரு பத்திரத்தில் விழும் ஒரு கையெழுத்து, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வேலை, வீடு, பள்ளி, கோயில் அனைத்தையும் ஒரே நாளில் ஆட்டம் காண வைத்தது. அந்த ஒற்றை ஆணி பிடுங்கப்பட்டால், மாட்டியிருந்த எல்லாம் கீழே விழும்.

தொழிற்சங்கம் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. உங்கு அப்துல் அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை, 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்தது. ஆனால் ஆய்வு வேறு, தடைச் சட்டம் வேறு. நிலம் உரிமையாளரின் சொத்து. அதை விற்பது அவர் விருப்பம் என்ற வாதம் வலுவாக இருந்தது. விற்பனையோ நிற்கவில்லை.

பத்து வெள்ளியின் கணக்கு

சம்பந்தன் அப்போது அமைச்சர். அரசு சட்டம் கொண்டுவரும் வரை காத்திருப்பதாக அவர் சொல்லியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் சட்டம் வருவதற்குள் எத்தனை தோட்டங்கள் போயிருக்கும்? 1960இல் அவர் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

அதன் கணக்கு மிக எளிமையானது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ஒரு தொழிலாளியின் நூறு வெள்ளியால் ஒரு தோட்டத்தின் மூலையைக்கூட வாங்க முடியாது. ஆனால் பத்தாயிரம் பேர் ஆளுக்கு நூறு வெள்ளி போட்டால் பத்து லட்சம் வெள்ளி. அந்தப் பணத்தோடு தோட்டம் விற்பனைக்கு வரும்போது, தரகரோடு போட்டியிட்டு வாங்குபவராகத் தொழிலாளியும் வரிசையில் நிற்கலாம். வாங்கிய தோட்டத்தைத் துண்டாக்காமல் முழுத் தோட்டமாகவே நடத்தலாம். வரும் இலாபத்தில் பங்குதாரர்களுக்கு ஈவும் தரலாம்.

கூட்டுறவு மலாயாவுக்குப் புதியதில்லை. 1922இலேயே அதற்குச் சட்டம் வந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் சிக்கன நாணயச் சங்கங்கள் பல இடங்களில் இயங்கின. ஆனால் அவை திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கைகொடுக்கும் சிறு சேமிப்புகள். நிலத்தை வாங்கும் அளவுக்கு நாடு தழுவிய ஒரே சங்கமாகத் தொழிலாளர் சேமிப்பைத் திரட்டியதுதான் சம்பந்தன் செய்த புதுமை.

கணக்கு எளிது, பணம் திரட்டுவது எளிதாக இல்லை. அன்றைய நாள் கூலியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க மரம் சீவினால் கையில் வருவது சில வெள்ளிகள். மழை பெய்தால் அன்று வேலையே இல்லை. பத்து வெள்ளி என்பது பல நாள் உழைப்பு. ஒட்டுப்பால் விற்ற காசையும் முடிந்து வைத்திருந்த தாய்மார்களிடம், கண்ணில் காணாத ஒரு நிலத்துக்காக அதைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கூட்டுப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். பணம் வாங்கிப் போனவர் திரும்பி வருவாரா என்ற சந்தேகம் இயல்பானதே.

அதனால் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். மாலையில் வேலை முடிந்து தொழிலாளர்கள் கூடும் நேரம் பார்த்துப் பேசினார். புரியும் மொழியில், அவர்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொன்னார். அமைச்சர் காரில் வந்து தங்கள் திடலில் நின்று பத்து வெள்ளி கேட்டது, அந்த மக்களுக்குப் புதிய அனுபவம். அவர் நன்கொடை கேட்கவில்லை. உரிமையாளராகச் சேரச் சொன்னார். அந்த வேறுபாடு மெல்ல மெல்ல அவர்களுக்குப் பிடிபட்டது.

முதல் தோட்டம்

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம். அங்கே மரம் சீவியவர்களின் அன்றாடம் வெளிப்பார்வைக்கு மாறிவிடவில்லை. அதே விடியல், அதே பெரட்டு, அதே மங்கு, அதே வாளி. ஆனால் நாளை யாரோ ஒருவர் வந்து லயத்தைக் காலி செய்யச் சொல்வார் என்ற அச்சம் நீங்கியது. தோட்டம் ஒன்றாகவே இருந்தது. எனவே வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் ஒன்றாகவே நின்றன.

அதன் பின் சங்கம் அடுத்தடுத்து வாங்கிய தோட்டங்கள் பத்தைத் தாண்டின. உறுப்பினர் எண்ணிக்கை பல்லாயிரமாக வளர்ந்தது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் பழக்கமும் சங்கத்தில் நிலைபெற்றது. எழுத்தறியாத ஒரு பாட்டி கட்டிய பத்து வெள்ளியின் பலன், பல்கலைக்கழகத்தில் கால் வைத்த பேரனுக்கோ பேத்திக்கோ வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துண்டாடலுக்கு ஆளான தொழிலாளர்களில் துணிச்சல் இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. மரண ரயிலையும் அவசரகாலத்தையும் தாண்டி வந்தவர்கள் அவர்கள். மன உறுதி அவர்களிடம் ஏராளமாக இருந்தது. இல்லாதது, அந்த உறுதி ஊன்றி நிற்க ஓர் இடம். தனி மனிதனிடம் எவ்வளவு பொறுமை இருந்தாலும், வீடும் வேலையும் ஒரே கையெழுத்தில் போய்விடும் என்றால் அந்தப் பொறுமை எத்தனை நாள் தாங்கும்? சம்பந்தன் அவர்களுக்குத் தைரியம் சொல்வதோடு நிறுத்தாமல், சேமிப்பு, பங்கு, பத்திரம், கணக்கு என்ற கட்டமைப்பைக் கொண்டுவந்தார்.

சங்கத்தால் முடியாதவை

ஆனால் சங்கம் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. நாட்டில் விற்கப்பட்ட தோட்டங்களில் சங்கம் வாங்கியவை ஒரு பகுதிதான். எஞ்சியவற்றில் குடும்பங்கள் சிதறத்தான் செய்தன.

1969இல் இன்னொரு அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நீல அட்டை, மற்றவருக்குச் சிவப்பு அட்டை என்றிருந்த வீடுகள் பிரிந்தன. விடுதலைக் காலத்தில் நிரப்பாமல் விட்ட மனுவின் விலை அது. பத்து வெள்ளியால் இந்தக் காயத்துக்கு மருந்து போட முடியவில்லை. சமூகத்தின் கூட்டு முயற்சி எட்டாத இடம் ஒன்று உண்டு. அங்கே சட்டமும் உரிமையும்தான் காவல்.

சட்டம் பிற்பாடு ஒரு பக்கம் வந்தது. தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் 214ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நாற்பது ஹெக்டர் என்பது ஏறத்தாழ அந்தப் பழைய நூறு ஏக்கர் எல்லைதான். 1950களில் இல்லாத வேலி அது. பல குடும்பங்களுக்கு அது தாமதமாகவே வந்தது.

அரசியலிலும் அவருக்கு இறங்குமுகம் இருந்தது. கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள் வகித்த தலைமைப் பொறுப்பிலிருந்து 1973இல் விலகி, டான் ஸ்ரீ வீ. மாணிக்கவாசகத்துக்கு வழிவிட்டார். தேசிய ஒற்றுமைத் துறை அமைச்சராக இருந்த அவர், 1974க்குப் பின் அமைச்சரவையிலும் நாடாளுமன்றத்திலும் இல்லை. பதவிகள் போயின, சங்கம் இருந்தது. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். அறுபது வயது நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்தது.

மூன்று அடுக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரில் பெருஞ்சாலை உண்டு. சங்கத்தின் கட்டடமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் ஒரு மாணவன் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது சாலைப் பெயரைவிடப் பெரியது.

மீள்திறன் மூன்று அடுக்குகளால் ஆனது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. முதல் அடுக்கு தனி மனிதன்: கூலியில் கொஞ்சம் எடுத்து வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, விழுந்தாலும் எழ முனைபவன். இரண்டாம் அடுக்கு சமூகம்: அந்தச் சிறு சேமிப்புகளை நம்பிக்கையோடும் சரியான கணக்கோடும் ஒன்றாக்கும் அமைப்பு. மூன்றாம் அடுக்கு நாட்டின் சட்டமும் உரிமையும்: நில விதி, குடியுரிமை, தொழிலாளர் பாதுகாப்பு. புக்கிட் சீடிமில் முதல் இரண்டும் கைகோத்தன, தோட்டம் பிழைத்தது. 1969இல் மூன்றாவது அடுக்கில் ஓட்டை இருந்தது. உழைப்பும் சேமிப்பும் இருந்தவர்கள்கூடக் கப்பலேறினர்.

குனோங் ராபாட்டிலும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் படிக்கும் மாணவர்கள் இந்த வாரம் இரண்டு வேலைகள் செய்யலாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், அந்தத் தோட்டம் என்ன ஆனது என்று கேட்டு எழுதி வையுங்கள். பெட்டியடியில் பழைய நிலநிதிச் சங்கப் புத்தகமோ பங்குப் பத்திரமோ கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். மறைந்துபோன தாத்தா, பாட்டி பெயரில் பங்கு இருந்தால், அதை வாரிசுக்கு மாற்றுவது எப்படி என்று சங்கத்திடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, குடும்பத்தில் எவருக்காவது பிறப்புச் சான்றோ அடையாள அட்டையோ இல்லை என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அரசாங்கப் பாரங்களை நிரப்பத் தெரிந்த முதல் தலைமுறை பல வீடுகளில் நீங்கள்தான். அன்று பத்து வெள்ளியை நீட்டிய கைகளில் பல, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவை. உங்கள் கையில் பேனா இருக்கிறது.